நாற்று ஏன் வீணாகிறது? மண் கலப்பதிலிருந்து பைக்கு மாற்றும் வரை, அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் பொருந்தும்படி இதை எழுதியிருக்கிறேன். மாடித்தோட்டம் போடுகிற பக்கத்து வீட்டுக்காரர்களும் சொந்தக்காரர்களும் போனில் படம் அனுப்பிக் கேட்பது பெரும்பாலும் இதே சில கோளாறுகளைத்தான், அதுவும் படம் வருவதற்குள் அவர்கள் கையில் ஒரு மருந்து பாட்டில் வந்திருக்கும். அதை முதலில் கீழே வையுங்கள். நாற்றுப் பருவத்தில் வரும் கோளாறில் பெரும்பங்கு தண்ணீர், வெயில், மண் கலவை இந்த மூன்றில்தான் இருக்கும், மூன்றையும் விரலாலும் கண்ணாலும் காசில்லாமல் பார்த்துவிடலாம்.

உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். சுலபமானது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

## விதை போட்டாயிற்று, முளைக்கவே இல்லை

முதலில் நாளைக் கணக்குப் பாருங்கள். தக்காளிக்கு 5 முதல் 8 நாள், கத்தரிக்கு 7 முதல் 10 நாள், மிளகாய்க்கு 8 முதல் 14 நாள் ஆகும், மார்கழிக் குளிரில் மிளகாய் இன்னும் தள்ளிப்போகும். மிளகாய் விதைத்த ஆறாம் நாளே குழித்தட்டைக் கொட்டிவிட்டு மறுபடி விதைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நாள் தாண்டிவிட்டதா? ஒரு பல்குச்சியால் ஒரே ஒரு குழியை மெதுவாகக் கிளறி விதையைத் தேடுங்கள்.

விதை கெட்டியாக, போட்டபடியே இருக்கிறது. ஈரம் போதவில்லை, அல்லது மேல் மண் ஒரு மதியம் முழுக்கக் காய்ந்துபோயிருக்கிறது. பூவாளியில் ஊற்றாமல் தெளிப்பானால் காலை மாலை நனைத்து, மேலே ஈரச் சாக்கோ செய்தித்தாளோ மூடிவையுங்கள், முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும்.

நசுக்கினால் கூழாகிறது. தண்ணீர் அதிகம், விதை அழுகிவிட்டது. அடுத்த முறை கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, கையில் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு விழுந்தால் போதும், ஒழுகினால் அதிகம்.

விதையையே காணோம். எறும்பு. தட்டை நான்கு செங்கல் மேல் தூக்கி வைத்து, செங்கல்லைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் நிறுத்தினால் தீர்ந்தது.

முளை வந்து உள்ளேயே வளைந்து கிடக்கிறது. ஆழமாகப் போட்டுவிட்டீர்கள், அல்லது மேல் மண் ஓடு கட்டியிருக்கிறது. அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம், மேலே மூட மண்ணைவிட சலித்த மண்புழு உரம் நல்லது.

இது எதுவும் இல்லையென்றால் விதையைச் சந்தேகப்படலாம். பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டு மூடி, வீட்டுக்குள் வையுங்கள். இந்திய விதைச் சான்று விதிப்படி தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம் முளைப்பு இருக்க வேண்டும். பத்தில் மூன்றுதான் முளைத்தால் கோளாறு உங்களுடையதல்ல, பாக்கெட்டில் உள்ள சோதனைத் தேதியைப் பார்த்துக் கடைக்காரரிடம் போய்க் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தரையில் நேராகத் தட்டை வைத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம், 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளி விதை சரியாக முளைக்காது. வீட்டுக்குள் ஜன்னலோரம் கொண்டுவாருங்கள்.

## தண்ணீர் மேலேயே தேங்குகிறது, அல்லது ஊற்றியதும் கீழே ஓடிவிடுகிறது

இதை நாற்று நடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும், ஆனால் நட்டுவிட்ட பிறகுதான் எல்லோரும் கவனிக்கிறார்கள்.

தேங்கினால் பையைச் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே முடிந்துவிடும், துளையே இல்லாமல் விற்கிற பைகளும் உண்டு, தரையோடு ஒட்டி உட்கார்ந்து துளை அடைபட்டிருப்பதும் உண்டு. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பக்கவாட்டில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நான்கு துளை போட்டு, பையைச் செங்கல்லிலோ மரச்சட்டத்திலோ ஏற்றுங்கள். துளை சரியாக இருந்தும் தேங்கினால் களிமண் அதிகம். ஈர மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள், நீளக் கயிறாகத் திரிக்க வந்தால் அந்த மண்ணைப் பைக்கு அப்படியே போடக்கூடாது.

செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. இதைத் தாண்டி எதுவும் தேவையில்லை. கலந்ததும் நடக்கூடாது என்பதுதான் முக்கியம், லேசாக ஈரப்படுத்தி நிழலில் 10 முதல் 15 நாள் விட வேண்டும். பிண்ணாக்கும் அரைகுறை எருவும் மக்கும்போது சூடு கிளம்பும், அந்தச் சூட்டில் இளவேர் வெந்துவிடும். நடுவதற்கு முன் கையை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

எரு மக்கியதா என்று சந்தேகமா? ஒரு பிடி எடுத்து நனைத்து பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகருங்கள். மண் வாசனை வந்தால் சரி, சாண நாற்றமோ அமோனியா நெடியோ வந்தால் ஆகவில்லை. எருவில் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் பொறுக்கி வெளியே எடுங்கள், காண்டாமிருக வண்டின் புழு எருக்குழியில்தான் வளரும், பைக்குள் மாட்டிக்கொண்டால் வேரையும் விட்டுவைக்காது.

தண்ணீர் ஓடிவிடுகிறது என்றால் பெரும்பாலும் கோகோபீட் முழுக்கக் காய்ந்து பைச் சுவரை விட்டு விலகியிருக்கும், அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் போகும், நடுவில் மண் காய்ந்தபடியே இருக்கும். பையை ஒரு தொட்டியில் கால்வாசி உயரத் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

கோகோபீட் பற்றி இன்னொன்று. கழுவாத கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து தண்ணீரைக் கொட்டி, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டுத்தான் விதைக்கப் பயன்படுத்த வேண்டும். கட்டடம் இடித்த இடத்திலிருந்து வந்த செம்மண்ணும் வேண்டாம், அதில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்திருந்தால் மண் காரமாகிவிடும், பின்னால் இலை வெளிறும்போது காரணம் பிடிபடாது.

எத்தனை சரிசெய்தும் ஒரே மண்ணில் எதுவும் தேறவில்லை என்றால் அரசு மண் பரிசோதனை நிலையத்தில் அரை கிலோ மாதிரி கொடுங்கள். கார அமில நிலை 6 முதல் 7 வரை இருந்தால் இந்த மூன்று செடிக்கும் வசதி. எட்டைத் தாண்டியிருந்தால் மண்ணையே மாற்றிவிடுவது மலிவு.

## முளைத்த நாற்று தரையோடு சாய்ந்து விழுகிறது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல் போலச் சுருங்கி, நீர் கோத்த மாதிரி பழுப்பாக இருக்கிறதா? நாற்றழுகல். பித்தியம் முதலான பூஞ்சாண வகைகள் செய்வது, ஒரு மூலையில் ஆரம்பித்து இரண்டு நாளில் தட்டு முழுக்கப் பரவும். தண்டு அப்படிச் சுருங்காமல் கெட்டியாகவே இருந்து தலை மட்டும் தொங்கினால் அது வெறும் தாகம், தண்ணீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நாற்றழுகலுக்குத் தண்ணீர் மேல் தண்ணீர் ஊற்றுவதில்தான் தட்டுத் தட்டாக நாற்று போகிறது.

விழுந்தது எழாது. விழுந்தவற்றையும் அவற்றைச் சுற்றி ஒட்டி நிற்பவற்றையும் மண்ணோடு தோண்டி எறியுங்கள். தண்ணீரை நிறுத்துங்கள், மேல் மண் நிறம் மாறும்வரை விடுங்கள். காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள், ஒரு குழியில் மூன்று நான்கு நாற்று நெருக்கியடித்தால் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள், பிடுங்கினால் மிச்சமிருப்பதன் வேரும் ஆடும். இனிமேல் தண்ணீர் காலையில் மட்டும், முடிந்தால் தட்டுக்கு அடியிலிருந்து.

இதற்குப் பிறகும் பரவினால்தான் மருந்து. தாமிரப் பூஞ்சாணக்கொல்லியான காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து மண் நனைய ஊற்றலாம், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோயைத் தடுக்கப் போடும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஊற்றிய மண்ணில் இதை அதே வாரம் ஊற்றினால் இரண்டில் ஒன்று வீண், தாமிரம் அந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

வராமல் தடுக்க விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியைப் போட்டுவிடுங்கள், கிலோ விதைக்கு 4 கிராம் என்று சிபாரிசு. வீட்டில் போடுகிற அளவுக்கு விதையை நனைத்துப் பொடியில் ஒருமுறை புரட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாற்று விடுகிறவர்கள் இதைத் தவறவிடவே கூடாது.

## நாற்று மெலிந்து, உயரமாக, ஒரு பக்கம் சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை. வேறு காரணம் தேட வேண்டாம். முளைத்த பிறகும் ஜன்னலோரத்திலேயே விட்டிருப்பீர்கள், அல்லது நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டியிருப்பீர்கள். முதல் இலை விரிந்த நாளிலிருந்து காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும், 50 சதவீத வெயிலை மறைக்கும் வலை போதும்.

மெலிந்த தக்காளியைக் காப்பாற்றலாம், பைக்கு மாற்றும்போது வித்திலைக்கு அடுத்து வரும் முதல் நிஜ இலைக்குக் கீழ் வரை தண்டைப் புதைத்தால் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இதைச் செய்யாதீர்கள், அவற்றைத் தட்டில் இருந்த ஆழத்திலேயே நட்டு ஒரு குச்சியில் கட்டுங்கள். ரொம்ப மெலிந்துவிட்டால் புதிதாக விதைப்பதே மேல்.

## இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று பாருங்கள்.

முதலில் வந்த இரண்டு வித்திலை மட்டும். இயல்பு, வேலை முடிந்து உதிர்கிறது.

அடி இலைகள், செடி முழுக்க வெளிறல், வளர்ச்சி நின்றுவிட்டது. வெறும் கோகோபீட்டில் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் பசி வந்துவிடும், அதில் சத்து கிடையாது. பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 15 மில்லி கலந்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள், பெரிய செடிக்குச் சொல்கிற 30 மில்லியில் பாதி. மண் எந்நேரமும் சொதசொதவென்றிருந்தால் உரம் எதுவும் ஏறாது, முதலில் காயவிடுங்கள்.

நுனி இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து ஏறவில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சர்வசாதாரணம், பையின் ஓரத்திலும் மண் மேலும் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பாருங்கள். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்ற முடிந்தால் அதுவே மருந்து. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்தால் பல வருடம் உழைக்கும். 1,000க்கு மேல் காட்டுகிற தண்ணீரை நாற்றுக்கு நேராக ஊற்ற வேண்டாம், நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். குடிநீர் சுத்திகரிக்கும் கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்கக்கூடாது என்று நாற்றுக்கு ஊற்றுகிறார்கள். அந்த நல்லெண்ணம் சரிதான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம். அவசரத்துக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளிக்கலாம்.

## இலை சுருள்கிறது

மிளகாய் போடுகிறவர்களை அழவைப்பது இதுதான். எந்தப் பக்கம் சுருள்கிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்.

ஓரம் மேல்நோக்கி, படகு போல மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பூச்சி. இலை சின்னதாகி, தடித்து, மஞ்சளோடி, செடியே குட்டையாக நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். நுனியைப் பிடித்து ஒரு வெள்ளைத் தாளில் தட்டுங்கள், மெல்லிய கோடு கோடாக ஊர்ந்தால் இலைப்பேன், சிலந்திக்கு லென்ஸ் வேண்டும், தட்டியதும் வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ. தக்காளியில் மதிய வெயிலில் அடி இலை மட்டும் மேல்நோக்கிச் சுருண்டு பச்சையாகவே இருந்தால் அது வெயிலைத் தாங்கச் செடி செய்வது, விட்டுவிடுங்கள்.

முதல் வேலை, இலைக்கு அடியில் படுகிற மாதிரி தண்ணீரைப் பீய்ச்சுவது, மூன்று நாள் தொடர்ந்து. அப்புறம் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, சில சொட்டு காதி சோப்புக் கரைசலோடு, வெயில் இறங்கிய பிறகு, வாரம் ஒருமுறை. வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை, இலைப்பேனுக்கு நீல அட்டை. சிலந்திக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் கேட்கும், ஆனால் வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கொளுத்தும் வெயிலிலும் அடித்தால் இலை கருகும்.

வைரஸுக்கு மருந்தில்லை. கடையில் யார் என்ன சொல்லிக் கொடுத்தாலும் இல்லை. பிடுங்கி, பையில் கட்டி, குப்பைக்குப் போட்டுவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். பக்கத்துச் செடியைக் காப்பாற்ற அது ஒன்றே வழி. அடுத்த தட்டை நுண்துளை வலைக்குள் வளர்த்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

## நேற்று இருந்த நாற்று இன்று காலையில் இல்லை

தண்டு மண்மட்டத்தில் வெட்டி, மேல்பாகம் பக்கத்திலேயே கிடந்தால் வெட்டுப்புழு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தோண்டினால் சாம்பல் நிறப் புழு சுருண்டு கிடக்கும். நசுக்கிவிட்டு, பேப்பர் கப்பின் அடியை வெட்டி நாற்றைச் சுற்றி வளையமாகப் புதையுங்கள். பளபளவென்று கோடு தெரிந்தால் நத்தை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், அதில் மனிதருக்கு ஆகாத ஒட்டுண்ணி இருக்கலாம். உப்பை மண்ணில் தூவ வேண்டாம், நத்தையோடு மண்ணும் போய்விடும். வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தால் அணில் அல்லது மைனா, ஒரு வாரம் வலை போட்டு மூடினால் போதும்.

## பைக்கு மாற்றிய பிறகு வாடுகிறது

இங்கே நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் தேறும் வாட்டமும் தேறாத வாட்டமும் முதல் நாள் ஒரே மாதிரி இருக்கும்.

### மதியம் தொங்கி, மாலையில் நிமிர்கிறது

வேர் இன்னும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நான்கைந்து நாள் நிழல் கொடுங்கள், வாட்டம் பார்த்து மதியம் ஓடிப்போய் ஊற்றாதீர்கள், விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இது வருவதற்கு முக்கியக் காரணம் அவசரம். தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் வயது வேண்டும். மாற்றுவதற்கு முந்தைய வாரம் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று வெயிலுக்குப் பழக்க வேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் நடுங்கள். எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தட்டை நனைத்து, அடியிலிருந்து தள்ளி, வேர்க்கட்டி உடையாமல் எடுங்கள், தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். வேரைச் சூடோமோனாஸ் கரைசலில், லிட்டருக்கு 5 கிராம், கால் மணி நேரம் நனைத்து நடுவது நல்ல பழக்கம்.

### இலையில் வெள்ளைத் தாள் போலத் திட்டு

வெயில் சுட்டது. அந்த இலை திரும்பாது, புது இலை நன்றாக வந்தால் கவலையில்லை. நிழல்வலை பத்து நாள்.

### மாலையிலும் நிமிரவில்லை, மண் ஈரமாக இருக்கிறது

ஒரு செடியைத் தியாகம் செய்து வேரோடு எடுத்துப் பாருங்கள். வேர் பழுப்பாகிக் கையோடு உரிந்து வந்தால் அழுகல், துளையைச் சரிசெய்து தண்ணீரைப் பாதியாக்குங்கள். வேர் கடிபட்டு மொட்டையாக இருந்தால் வெள்ளைப் புழு, பையைக் கொட்டித் தேடுவதுதான் வழி. மண் சுட்டால் எரு மக்கவில்லை, மீதிச் செடிகளை எடுத்துத் தற்காலிகமாகச் சின்னக் கப்பில் வையுங்கள்.

### பச்சையாக இருக்கும்போதே முழுச் செடியும் இரண்டு நாளில் சரிகிறது

தண்டை அடியில் சாய்வாக வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுமுனை மூழ்கும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடி பிழைக்காது, அந்தப் பையின் மண்ணை வேறு பைக்கும் கொட்டாதீர்கள், கரண்டியையும் கத்தரிக்கோலையும் கழுவி வெயிலில் காயவையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் அந்த மண்ணில் வைக்க வேண்டாம்.

இழை வராமல், வேரில் சின்னச் சின்ன முடிச்சு இருந்தால் வேர் முடிச்சு நூற்புழு. பழைய மண்ணைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற மாடிகளில் இது அதிகம். சித்திரை வெயிலில் மண்ணைத் தரையில் பரப்பி, நனைத்து, நிறமில்லாத மெல்லிய பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். அடுத்த போகத்துக்கு அதில் செண்டுமல்லி போடுங்கள்.

இரண்டு மூன்று பைக்கு மேல் இப்படி ஆனால், அல்லது டம்ளர் சோதனையிலும் வேரிலும் எதுவும் தெரியாமல் செடிகள் தொடர்ந்து போனால், இனி வீட்டில் தேடிப் பயனில்லை. வாடும் செடி ஒன்றை வேரோடு, ஒரு பிடி மண்ணோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, அன்றைக்கே உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். காய்ந்துபோன செடியைக் காட்டினால் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது. போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கூப்பிடுவதற்கு முன் விதைத்த தேதி, நட்ட தேதி, மண் கலவை, கடைசியாக என்ன ஊற்றினீர்கள் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.